பிரஸ்ஸல்ஸில் ஒரு சனிக்கிழமை: எந்த ப்ரூவரிக்குப் போவது?

பிரஸ்ஸல்ஸில் ஒரு சனிக்கிழமை கையில் இருக்கிறது, பீர் காய்ச்சும் ப்ரூவரிகளில் ஒரே ஒன்றைத்தான் பார்க்க முடியும், எதைப் பார்ப்பது? ஆபீஸ் வேலையாக வந்தவர்கள், ஐரோப்பிய டூரில் ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள், ஜெர்மனியில் படித்துக்கொண்டு வார இறுதிக்கு ரயிலேறி வருபவர்கள் என்று பலரும் கேட்பது இதைத்தான். தேடிப் பார்த்தால் 'தவறவிடக் கூடாத இருபது' என்று பட்டியல் வந்து விழும். இருபதுக்கும் போனால் வீடு வந்து சேர மாட்டோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புளிப்பு பீர் காய்ச்சும் கான்டியோன். ஆனால் உங்களோடு யார் வருகிறார்கள், காலில் எவ்வளவு தெம்பு இருக்கிறது, புளிப்பு உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதைப் பொறுத்து அது மாறலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பெல்ஜியத்தில் நல்ல பீர் குடிக்க ப்ரூவரிக்குப் போக வேண்டிய அவசியமே கிடையாது. சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே துறவிகள் காய்ச்சும் ட்ராப்பிஸ்ட் பீர் குளிர்பானங்களுக்குப் பக்கத்து அலமாரியில் நிற்கும். தெருமுனைக் கஃபேயில் உட்கார்ந்தால் ஒவ்வொரு பீரையும் அதற்கென்று உள்ள கிளாஸில் ஊற்றித் தருவார்கள். 2016இல் யுனெஸ்கோ இந்த நாட்டின் பீர் பண்பாட்டையே மானுட மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே 'அங்கே நல்ல பீர் இருக்குமா' என்று கேட்பதில் அர்த்தமில்லை, எங்கும் இருக்கும். அந்த இடத்துக்கு நேரில் போனால் மட்டும் கிடைப்பது என்ன என்று கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கும். எனக்கு மிஞ்சுவது நான்கு வழிகள். பிரஸ்ஸல்ஸுக்குள்ளேயே கான்டியோன், புரூஜ் நகரத்தில் டி ஹால்வ மான், மேற்கு மூலையில் வெஸ்ட்ஃப்லேடரன் மடம், அப்புறம் பிரஸ்ஸல்ஸின் புதுத் தலைமுறை டேப்ரூம்கள், அதாவது ப்ரூவரிகளே தங்கள் பீரை ஊற்றித் தரும் கூடங்கள்.

கான்டியோன் இருப்பது ஆன்டர்லெக்ட் பகுதியில், லண்டன், பாரிஸ் ரயில்கள் வந்து நிற்கும் மிடி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில். சுற்றுப்புறம் அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். மொபைல் ரிப்பேர் கடை, மொராக்கோக்காரர்களின் ரொட்டிக் கடை, கிடங்குகள் இவற்றுக்கு நடுவே ஒரு கதவு. 1900இல் தொடங்கிய குடும்பத் தொழில், இன்றும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 1978இல் ப்ரூவரியையே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார்கள். அவர்கள் காய்ச்சும் லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் கேட்க ஆள் குறைந்துவந்த காலம் அது. உள்ளே காட்சிப்பொருள் என்று தனியாக எதுவும் கிடையாது. அவர்கள் வேலை செய்யும் இடத்தில்தான் நாமும் நடக்கிறோம்.

வழக்கமாகச் செய்யப்படும் சுற்றில் வழிகாட்டி இல்லை. வாசலில் ஒரு சிறு கையேடு தருவார்கள், எண்களைப் பார்த்துப் பார்த்து நாமே போக வேண்டியதுதான். எனக்கு இது பெரிய சௌகரியம். பீப்பாய்களுக்கு நடுவே பத்து நிமிடம் சும்மா நின்றாலும் 'வாங்க, அடுத்து' என்று யாரும் கூப்பிடுவதில்லை.

இங்கே காய்ச்சுவது லாம்பிக். மூன்றில் இரண்டு பங்கு பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஒரு பங்கு மால்ட் செய்யாத கோதுமை. ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடியின் பூ) புதிதாக இருக்காது, சில வருடம் கிடங்கில் கிடந்து கசப்பும் வாசனையும் போனதைத்தான் போடுவார்கள். கெட்டுப்போகாமல் காக்கும் குணம் அதில் இன்னும் மிச்சம் இருக்கும், அது போதும். கொதித்த சாற்றை மேல்மாடிக்கு ஏற்றி, ஒரு அறை அகலத்துக்கு விரிந்த, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். கூல்ஷிப் என்பது இதன் பெயர். சுவரிலும் கூரையிலும் காற்றுப் புக வழி திறந்திருக்கும். ராத்திரி முழுவதும் ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் இறங்கி வேலையை ஆரம்பிக்கும். வேறெங்கும் ஈஸ்ட்டை அளந்து போடுவார்கள், இங்கே யாரும் எதையும் போடுவதில்லை.

நமக்கு இது புதிதே இல்லை. பனையிலோ தென்னையிலோ கட்டிய கலயத்துக்குள் யார் போய் ஈஸ்ட் போட்டார்கள்? காலையில் இறக்கிய கள் மதியத்துக்குள் பொங்கிப் புளிப்பது எப்படியோ, அப்படியேதான் இதுவும். வேகம் மட்டும் தலைகீழ். கள் ஒரு நாளில் முடித்துக்கொள்ளும் காரியத்தை லாம்பிக் ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று பீப்பாய்க்குள் இழுத்தடிக்கும். யாழ்ப்பாணத்திலோ கேரளத்திலோ கள் குடித்துப் பழகியவர்களுக்கு லாம்பிக் சட்டென்று பிடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். லாகர் என்ற வழக்கமான பாட்டில் பீரை மட்டுமே குடித்தவர்கள்தான் முதல் மடக்கிலேயே 'என்னப்பா, கெட்டுப்போச்சா?' என்பார்கள்.

பீப்பாய் அறைக்கு வந்தால் மூலைக்கு மூலை ஒட்டடை. அடிக்க ஆள் இல்லாமல் இல்லை, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். இனிப்பு வாசனைக்கு வரும் ஈக்களைச் சிலந்திகள் பார்த்துக்கொள்கின்றன. மருந்து அடித்தால் பீரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் அது ஆகாது. இந்த வகை பீரின் பின்சுவையில் வரும் குதிரை லாய வாசனைக்குக் காரணமான காட்டு ஈஸ்ட்டின் அறிவியல் பெயரிலேயே பிரஸ்ஸல்ஸ் இருக்கிறது: ப்ரெட்டனோமைசிஸ் ப்ருக்ஸெல்லென்ஸிஸ். குதிரை லாயம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். லாம்பிக் பிரியர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

சுற்று முடியும் இடத்தில்தான் டேஸ்டிங். முதலில் கலக்காத லாம்பிக்கைக் கேட்டு வாங்குங்கள். நுரை இருக்காது, கேஸ் இருக்காது, ஜாடியிலிருந்து ஊற்றுவார்கள். கண்ணை மூடிக் குடித்தால் புளித்த வெள்ளை ஒயின் என்றுதான் நினைப்பீர்கள். இதை வெளியே குடிப்பது லேசில்லை. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் சில கஃபேக்களில் இருக்கும், கடை பாட்டிலில் பார்ப்பது அரிது. அடுத்து கூஸ். ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தது. இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து கேஸைக் கொடுக்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்தால்தான் கலப்பவரின் வேலை என்ன என்று நாக்குக்குப் புரியும். கடையில் கூஸ் பாட்டில் மட்டும் வாங்கிக் குடித்தால் அது புரிய வழியில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கான்டியோனுக்கு என் ஓட்டு. கடைசியில் புளிப்புச் செர்ரி ஊறிய கிரீக்கோ ராஸ்பெரி ஊறியதோ ஒரு கிளாஸ். பழம் என்றதும் இனிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், இனிப்பை நுண்ணுயிர்கள் எப்போதோ தின்று தீர்த்துவிட்டிருக்கும்.

காலம் முக்கியம். குளிர்காலத்தில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இரவு போதுமான அளவு குளிர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாத பாக்டீரியாக்கள் புகுந்துவிடும். 2015 நவம்பரில் குளிரே வராமல் போய், காய்ச்சுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்தார்கள். செய்திகளில் எல்லாம் வந்தது. கோடையில் போனால் கூல்ஷிப் காலியாகத்தான் கிடக்கும். அப்போதும் பீப்பாய்களும் டேஸ்டிங்கும் இருக்கும், போகலாம். ஆனால் தேதி உங்கள் கையில் இருந்தால் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது? சாப்பாடும் பீருமாக நான்கு மணி நேரம் உட்கார நினைப்பவர்களுக்கு. இங்கே சமையலறை கிடையாது, மேஜைகள் கொஞ்சம்தான். புளிப்பே ஆகாதவர்களுக்கும் இது வேண்டாம். ஒரு மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதில் யாருக்கும் லாபமில்லை.

அப்படிப்பட்டவர்கள் கூட்டத்தில் இருந்தால், குறிப்பாகப் பெற்றோரோ பிள்ளைகளோ உடன் வந்தால், புரூஜுக்கு ரயில் பிடியுங்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு மணி நேரம். ஊரே யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கால்வாய், மணிக்கூண்டு, குதிரை வண்டி எல்லாம் பார்த்துவிட்டு நடுவில் டி ஹால்வ மானில் ஒரு சுற்று. பீரே குடிக்காதவருக்கும் நாள் வீணாகாது. 1856 முதல் ஒரே குடும்பத்தின் கையில் உள்ள ப்ரூவரி இது. சுற்றுலாக்காரர்கள் குவிவார்கள், ஆங்கிலத்தில் வழிகாட்டி உண்டு, நகைச்சுவையும் உண்டு (எல்லாக் குழுவுக்கும் அதே நகைச்சுவைதான் என்று சந்தேகிக்கிறேன்). இருநூறுக்கும் மேல் படிகள், சில ஏணி போலவே செங்குத்தாக இருக்கும். முட்டிவலி உள்ளவர்களைக் கீழே கஃபேயில் உட்காரவைத்துவிட்டுப் போவது நல்லது. மேல் தளத்துக்குப் போனால் புரூஜின் ஓட்டுக் கூரைகள் முழுவதும் தெரியும். அந்தக் காட்சிக்காகவே ஏறலாம்.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் மண்ணுக்குள் இருக்கிறது. பீர் காய்ச்சுவது நகரத்தின் நடுவில், பாட்டிலில் அடைப்பது ஊருக்கு வெளியே. டேங்கர் லாரிகள் கல் பாவிய ஒடுங்கின தெருக்களில் நாள்தோறும் போய் வந்துகொண்டிருந்தன. ப்ரூவரியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடுவதுதான் எல்லோரும் செய்வது. இவர்களோ தெருவுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்தார்கள். 2016இல் அது ஓடத் தொடங்கியது. மணிக்கு நாலாயிரம் லிட்டர் வரை போகுமாம். செலவில் ஒரு பங்கைப் பொதுமக்களிடமே திரட்டினார்கள். பெரிய தொகை போட்டவர்களுக்கு ஆயுள் முழுவதும் தினம் ஒரு பாட்டில் என்பது ஒப்பந்தம். முதலீட்டு ஆலோசகர்கள் என்ன சொல்வார்களோ, எனக்கு இது நல்ல பாலிசியாகத்தான் படுகிறது.

சுற்று முடிந்ததும் வடிகட்டாத ப்ரூக்ஸ ஸாட் ஒரு கிளாஸ் தருவார்கள். வடிகட்டிய பாட்டில் பெல்ஜியம் முழுக்கக் கிடைக்கும், இது அப்படிக் கிடைக்காது. ஆல்கஹால் 6 சதவீதம், மென்மையானது, யாருக்கும் பிடிக்கும். அதே வீட்டின் ஸ்ட்ராஃப ஹென்ட்ரிக் ட்ரிப்பெல் என்ற வலுவான பீர் 9 சதவீதம். அதையும் ருசி பார்க்க ஆசைப்பட்டால் படியெல்லாம் இறங்கி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பீரின் ஆழம் என்று பார்த்தால் கான்டியோனுக்குப் பக்கத்தில்கூட இந்தச் சுற்று வராது. ஒரு முழு நாளின் சந்தோஷம் என்று பார்த்தால் புரூஜ்தான் ஜெயிக்கும்.

மூன்றாவது வழிதான் எல்லோரும் ஆசைப்படுவது, நான் கொஞ்சம் தடுத்துப் பார்ப்பது. வெஸ்ட்ஃப்லேடரன். பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே சின்ட் சிக்ஸ்டஸ் என்ற ட்ராப்பிஸ்ட் மடம். துறவிகள் தங்கள் பிழைப்புக்கும் தானதருமத்துக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுகிறார்கள். உலகமே கேட்டாலும் கூட்டுவதில்லை. 2005இல் பீர்களுக்கு மதிப்பெண் போடும் ரேட்பீர் இணையதளத்தின் வாக்கெடுப்பில் இவர்களுடைய '12' என்ற பீர் உலகின் சிறந்தது என்று வந்ததும் மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. பிற்பாடு போனில் முன்பதிவு, 2019 முதல் இணைய வழி என்று முறைப்படுத்தினார்கள்.

போகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், ப்ரூவரிக்குள் வெளியாட்களை விடுவதில்லை. பார்க்கக் கிடைப்பது மடத்துச் சுவர். எதிரே இன் டி ஃப்ரேட என்ற கஃபே, கதையில் வரும் இருட்டு மடத்துச் சத்திரத்தைக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு முன்னால் வெளிச்சமான, விசாலமான, பேருந்துக் கூட்டம் கொள்ளும் ஒரு கூடம் நிற்கும். பீர் மூன்றே வகை: 5.8 சதவீத ப்ளான்ட், 8, அப்புறம் 10.2 சதவீதத்தில் அந்தப் புகழ்பெற்ற 12. எல்லோரும் 12ஐக் கேட்பார்கள். அத்திப்பழமும் கருப்பட்டியும் கலந்த மாதிரி கனமான பீர், நல்ல பீர், சந்தேகமில்லை. ஆனால் நான் ப்ளான்டைத்தான் சொல்வேன். உலர்ந்த கசப்பு, ஹாப்ஸ் மணம், வெயில் நாளில் இரண்டாவது கிளாஸும் கேட்கத் தோன்றும். 12ஐ பிரஸ்ஸல்ஸில் விலை ஏற்றி விற்கும் கடைகளிலாவது பிடித்துவிடலாம். ப்ளான்டின் அந்தப் பசுமை பயணத்திலும் அலமாரியிலும் சீக்கிரம் மங்கிவிடும்.

பிரச்சினை வழியில்தான். பிரஸ்ஸல்ஸிலிருந்து பக்கத்து ஊரான போப்பெரிங வரை ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சைக்கிளோ டாக்ஸியோதான். காரில் போனால் ஓட்டுகிறவர் குடிக்க முடியாது. பெல்ஜியத்தில் ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் குற்றம், ஒரு 12 குடித்தாலே பலருக்கு அதை நெருங்கிவிடும்.

அவ்வளவு தூரம் போவதென்றே முடிவுசெய்தால், பக்கத்து ஊரான வாட்டூவில் இருக்கும் சின்ட் பெர்னார்டஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றுதான் என்றால் இதற்கே போங்கள். 1946 முதல் 1992 வரை மடத்தின் பீரை உரிமம் பெற்று வெளியே காய்ச்சி விற்றது இவர்கள்தான். உரிமம் முடிந்த பிறகு அதே பாணியைத் தங்கள் பெயரில் தொடர்கிறார்கள். இவர்களுடைய ஆப்ட் 12ஐயும் மடத்தின் 12ஐயும் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் தவறில்லாமல் பிரித்துச் சொல்பவர்கள் கொஞ்சம்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே ப்ரூவரிக்குள் அழைத்துப்போய்க் காட்டுவார்கள். மேலே பார் பெர்னார்ட் என்ற கூடம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் சுற்றிலும் ஹாப்ஸ் கொடி ஏறிய வயல்கள். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் அறுவடையே நடந்துகொண்டிருக்கும்.

இந்தப் பக்கம் வருவதற்கு பீரைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்ச தூரத்தில் ஈப்பர் நகரம். முதல் உலகப் போரில் இந்தியப் படைப்பிரிவுகள் 1914லும் 1915லும் போரிட்ட மண். அங்குள்ள மெனின் கேட் நினைவு வளைவில் கல்லறை தெரியாத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன, இந்தியப் பெயர்களும் அவற்றில் உண்டு. தினமும் இரவு எட்டு மணிக்கு அங்கே பியூகிள் ஊதுவார்கள். இதோடு சேர்த்து இரண்டு நாளாகத் திட்டமிட்டால் மேற்கு மூலைக்குப் போவது நியாயமாகும். ஒரே நாளில் பிரஸ்ஸல்ஸிலிருந்து போய்த் திரும்புவது வெறும் ஓட்டம்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதற்கு யோசனையே தேவையில்லை. சாயங்காலம் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் இருக்கிறது, வரலாறெல்லாம் வேண்டாம், நல்ல பீர் போதும் என்றால் கால்வாய்ப் பக்கம் டூர் எ டாக்ஸியில் இருக்கும் டி லா சென் ப்ரூவரியின் ஸென்னபாருக்குப் போங்கள். அவர்களுடைய தாராஸ் பூல்பா 4.5 சதவீதம்தான், ஆனால் கசப்பில் குறை வைக்க மாட்டார்கள். பெல்ஜியம் என்றாலே 8, 9, 10 என்று ஏறிக்கொண்டே போகும் ஊரில் இப்படி ஒன்று கிடைப்பது நிம்மதி. விதவிதமாக ருசி பார்க்க விரும்பும் இளவட்டக் கூட்டமென்றால் தான்சேர் தெருவில் பிரஸ்ஸல்ஸ் பீர் ப்ராஜெக்ட். விற்காமல் மிஞ்சிய ரொட்டியைப் போட்டு பாபிலோன் என்ற பீரைக் காய்ச்சிப் பேர் வாங்கியவர்கள். இந்த இரண்டிலும் நேரில் போனால் மட்டும் கிடைப்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை, புதுசாக இறங்கிய பீரைத் தவிர. சில நாளைக்கு அது போதுமே.

எங்கே போனாலும் இரண்டு மூன்று காரியம் பொது. சின்ன கிளாஸ்களாக வாங்குங்கள், லேசானதிலிருந்து கனமானதுக்குப் போங்கள், புளிப்பும் இனிப்பும் மாறி மாறி வேண்டாம். தண்ணீரைக் கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது இங்கே வழக்கமில்லை, பாட்டில் தண்ணீருக்கு பீர் விலையே வந்துவிடும், இருந்தாலும் வாங்குங்கள். சைவம் என்றால் சீஸ் துண்டுகளும் கடுகு விழுதும் அநேகமாக எல்லாக் கஃபேயிலும் இருக்கும். பசியோடு போகாதீர்கள். வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், கான்டியோனும் மடத்துக் கஃபேயும் தினமும் திறந்திருக்கும் இடங்கள் அல்ல. கிளம்பும் முன் அவர்கள் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பீருக்கும் ஒயினுக்கும் இங்கே சட்ட வயது 16. பக்கத்து மேஜையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிலர் உட்கார்ந்திருந்தால் பதற வேண்டியதில்லை.

ஊருக்கு பாட்டில் கொண்டுபோவதாக இருந்தால் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள். இந்திய சுங்கத்தில் வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர். கான்டியோன் பாட்டில்கள் முக்கால் லிட்டரிலும் அதில் பாதியிலும் வரும். ஆக, பெரியது இரண்டு, சின்னது ஒன்று என்று எடுத்தால் கணக்குக்குள் அடங்கும். பெரிய இரண்டும் கூஸாக இருக்கட்டும். குளிர்ந்த நிலவறையில் வருடக்கணக்காகத் தாங்கும் சரக்குதான், ஆனால் சென்னை வெயிலில் அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம். போனதும் ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துத் திறந்துவிடுங்கள். சின்னது கிரீக். பழத்தின் வாசனை முதலில் போய்விடும் என்பதால் அதை முதலில் திறக்க வேண்டும்.